மஞ்சுவுக்குத் தினை வாங்கும் கடை

தர்மபுரி சந்தைப்பேட்டைப் பக்கம் ஒரு தானியக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் பத்துப் பன்னிரண்டு சாக்குகள் வாய் சுருட்டி நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் படி குத்தி வைத்திருக்கும். நடுவில் மடியில் முறத்தோடு ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். களிக்குக் கேழ்வரகு வாங்குகிறவர்களுக்கும் கோழிக்குக் கம்பு வாங்குகிறவர்களுக்கும் நன்றாகத் தெரிந்த கடை. என் கிளிக்கு நான் இரண்டு வருடமாக அங்கேதான் வாங்குகிறேன். கிளி வளர்க்கிறவர்கள் யாரும் இந்தக் கடையைப் பற்றி ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. எழுத வேண்டிய கடை.

என் கிளி காக்டீல் இனம். கடைக்காரர்கள் காக்டெயில் என்றும் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் கூட்டம் கூட்டமாகப் பறந்து, புல் விதை பொறுக்கித் தின்று வாழ்கிற பறவை. என்னுடையதற்கு உடம்பெல்லாம் வெளிர் மஞ்சள், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் கொண்டை. பெயர் மஞ்சு. மகள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசைப்பட்டு வாங்கினாள். விடுதியில் வைத்துக்கொள்ள விடவில்லை என்று என்னிடம் கொண்டுவந்து விட்டாள். நான் வீட்டில் தையல் தைக்கிறேன். மிஷின் ஓடுகிற நேரமெல்லாம் மஞ்சு நூல்கண்டு மாட்டுகிற கம்பியில் உட்கார்ந்து விசில் அடிப்பாள். மிஷினை நிறுத்தினால் அவளும் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

நம் ஊர்ப் பச்சைக்கிளி வேறு. அதைப் பிடிப்பது, விற்பது, வீட்டில் கூண்டில் வைப்பது எல்லாமே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நான் எழுதுவதைப் படித்துவிட்டு யாரும் ஒரு பச்சைக்கிளியை வாங்கி வந்துவிட வேண்டாம். அது புளியமரத்திலேயே இருக்கட்டும்.

முதல் ஒன்றரை வருடம் மஞ்சு தின்றது சூரியகாந்தி விதை. நான் வாங்கியது என்னவோ 'கிளி உணவு' என்று போட்ட ஒரு கிலோ பாக்கெட், 220 ரூபாய். உள்ளே ஐந்தாறு வகை விதை கலந்திருக்கும். மஞ்சு கிண்ணத்துக்குள் தலையை விட்டு, மற்றதையெல்லாம் அலகால் இரண்டு பக்கமும் தள்ளிவிட்டு, கோடு போட்ட சூரியகாந்தி விதையை மட்டும் பொறுக்குவாள். கீழே சிந்தியதைப் பெருக்கிக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தை மறுபடியும் நிரப்புவேன். கிளி நன்றாகத் தின்கிறது என்று மகளிடம் போனில் சொல்வேன். பார்க்கவும் கொழுகொழுவென்று இருந்தாள்.

அந்த வருடம் மார்கழியில் ஒரு காலை கூண்டுத் துணியை விலக்கினேன். விசில் வரவில்லை. மஞ்சு கூண்டின் அடித்தட்டில், ஒரு மூலையில், இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது. கையில் எடுத்தால் எதிர்ப்பே இல்லை. பக்கத்தில் ஒரு இடத்தில் காட்டினேன். பனிக்கு அப்படித்தான் இருக்கும், மஞ்சள் கலந்த தண்ணீர் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு, பழைய பனியன் துணி விரித்து, வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, சேலத்துக்கு பஸ் ஏறினேன். பறவை பார்க்கிற டாக்டர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று மகள் விசாரித்துச் சொல்லியிருந்தாள்.

டாக்டர் வயிற்றுக்குக் கீழே விரலை வைத்ததுமே சொல்லிவிட்டார், முட்டை அடைத்திருக்கிறது என்று. ஆண் துணை இல்லாமலே காக்டீல் முட்டை போடும், கோழிப்பண்ணையில் போடுகிற மாதிரிதான். எனக்கு அது தெரியாது. கால்சியம் ஊசி போட்டு, சூடான ஈரப்பதமான பெட்டிக்குள் வைத்தார்கள். மூன்று மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கூப்பிட்டுக் காட்டினார்கள். மஞ்சு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் முட்டை. மேலோடு இருக்க வேண்டிய இடத்தில் நனைந்த காகிதம் மாதிரி ஒரு தோல். விரல் பட்ட இடம் குழிந்து அப்படியே நின்றது.

"இவளுக்கு என்னம்மா கொடுக்கறீங்க?" என்று கேட்டார் டாக்டர். பையிலிருந்த பாக்கெட்டை எடுத்துக் காட்டினேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. மஞ்சுவைத் தராசில் வைத்தார். 118 கிராம். இவள் உடல்வாகுக்கு 90, 95 இருந்தால் போதும் என்றார். சூரியகாந்திப் பருப்பில் பாதிக்குப் பாதி எண்ணெய். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் சொற்பம், வைட்டமின் ஏ இல்லவே இல்லை என்று சொல்லலாம். எண்ணெய் கல்லீரலில் போய்ப் படியும். வைட்டமின் ஏ இல்லாவிட்டால் மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் இருக்கிற மெல்லிய சவ்வு தடித்துப் போகும், தும்மலும் வாய்ப்புண்ணும் சளியும் வரிசையாக வரும். சுண்ணாம்பு போதாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து முட்டைக்குக் கொடுக்கும். அதுவும் தீர்ந்தால் இன்று நடந்ததுதான். இதையெல்லாம் நிதானமாகச் சொன்னார். சாப்பாட்டில் பாதி பெல்லட் (சத்தை அளந்து சேர்த்துக் குருணையாகச் செய்த கிளித் தீவனம்), மூன்றில் ஒரு பங்கு காய், கீரை, மிச்சம் தோலோடு இருக்கிற சிறுதானியம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். கடைசியாக ஒன்று சொன்னார்: "தானியத்தை பாக்கெட்ல தேடாதீங்கம்மா. ராகியும் சாமையும் விளையற ஊர்லதானே இருக்கீங்க."

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக வெட்டுகிற மேஜையில் வெள்ளைக் காடாத் துணியை விரித்து, அந்த பாக்கெட்டிலிருந்து 100 கிராம் கொட்டிப் பிரித்தேன். நூல் பிரிக்கிற கைக்கு விதை பிரிக்க முடியாதா. சூரியகாந்தி 54 கிராம். குசும்பா விதை 14. நெல் 12. மஞ்சளும் வெள்ளையுமாகச் சிறு உருண்டைத் தானியம் 15. தூசியும் சொத்தையும் 5. மஞ்சு தின்றது அந்த 54ஐ. நான் பெருக்கிக் கொட்டியது அந்த 15ஐ. அந்தச் சிறு தானியத்தில் இருபது மணியை எடுத்து ஈரத் துணியில் சுற்றி வைத்துப் பார்த்தேன். மூன்று நாளில் மூன்று மணி முளைத்தது. மற்றதெல்லாம் உயிரில்லாத பழைய விதை.

அந்தச் சிறு தானியத்தை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு சந்தைப்பேட்டைக்குப் போனேன். நாலு கடை ஏறி இறங்கினேன். கிளிக்கு என்றதும் எல்லோரும் நொய்யைக் காட்டினார்கள். ஐந்தாவதுதான் அக்கா கடை. காகிதத்தைப் பிரித்து நீட்டினேன். அவர் மணிகளை உள்ளங்கையில் போட்டுப் பெருவிரலால் உருட்டினார். ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தார்.

"மஞ்சளா இருக்கறது தினை. வெள்ளையா வழவழன்னு இருக்கறது பனிவரகு. ரெண்டும் பழசு கண்ணு, நாள்பட்டது. இது என்ன விலைக்கு வாங்கின?"

சொன்னேன். அக்கா பதில் சொல்லாமல் ஒரு சாக்கைத் திறந்தார். கை நிறைய அள்ளி என் கையில் கொட்டினார். குத்தாத தினை. ஒவ்வொரு மணியும் பொன் நிறத்தில் மினுமினுத்தது. ஊதிப் பார் என்றார். ஊதினேன், ஒரு துளி தூசிகூடப் பறக்கவில்லை. நான் ஒரு கிலோ போடச் சொன்னதும், படியை எடுத்த கையை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"விதைக்கா, திங்கவா?"

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தக் கடையை நான் யாருக்கும் சொல்வேன். விதைப்புக்கு விற்கிற தானியத்தில் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் மருந்து கலந்திருப்பார்கள். அடையாளத்துக்குப் பெரும்பாலும் சாயமும் ஏற்றியிருப்பார்கள். அதை ஒரு சிறு பறவை தின்றால் பிழைப்பது கடினம். நாலு கடையிலும் யாரும் இதைக் கேட்கவில்லை, கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. அக்கா விதைத் தானியத்தைக் கடைக்குள் தனி அறையில், வாய் தைத்த சாக்கில் வைத்திருக்கிறார். திங்க என்று சொல்கிறவர்களுக்கு அந்தப் பக்கமே போவதில்லை. நீங்கள் எந்த ஊரில், எந்தக் கடையில் வாங்கினாலும் இதை வாய்விட்டுச் சொல்லி வாங்குங்கள்.

இன்னொரு சொல்லையும் மறக்கக் கூடாது: குத்தாத. தினை என்று மட்டும் கேட்டால் தினையரிசிதான் கிடைக்கும். நாம் பொங்கல் வைக்க அதுதான் வேண்டும். கிளிக்கு உமியோடு வேண்டும். உமி இருந்தால் தானியம் காறிப் போகாமல் நாள்படத் தாங்கும், முளைக்கும். கிளிக்கும் ஒவ்வொரு மணியையும் நாக்கால் உருட்டி, அலகால் உரித்துத் தின்கிற வேலை கிடைக்கும். காட்டில் நாள் முழுக்க அதுதானே அதன் வேலை. கூண்டில் அந்த வேலையும் இல்லாவிட்டால் பொழுது போகாமல் தன் இறகைத் தானே பிடுங்கும். ஒரு தடவை அக்கா இல்லாத நேரத்தில் கடைப் பையன் தினையரிசியைப் போட்டுக் கொடுத்துவிட்டான். மஞ்சு இரண்டு வாய் தின்றுவிட்டுக் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள்.

இப்போது நான் மாதம் ஒரு தடவை வாங்குவது: குத்தாத தினை ஒரு கிலோ, 60 ரூபாய். பனிவரகு அரைக் கிலோ, அதே விலை. குத்தாத சாமை அரைக் கிலோ, கிலோ 65. கம்பு கால் கிலோ. இவற்றைக் கலந்துகொள்வேன். ஒரு கிளிக்கு இது அதிகம்தான். எதிர்வீட்டில் இரண்டு லவ் பேர்ட்ஸ் இருக்கின்றன, மிச்சம் அங்கே போகும். சாமை சித்தேரி மலையிலிருந்து வருகிறது என்றார் அக்கா. மணி பொடியாக, கொஞ்சம் சாம்பல் நிறத்தில் இருக்கும். மஞ்சுவுக்கு நான்கில் சாமை கடைசிதான். தினையை முடித்துவிட்டுத்தான் அதைத் தொடுவாள். சூரியகாந்தியை அடியோடு நிறுத்தவில்லை. கையில் வந்து உட்கார்ந்தால், சொன்ன பேச்சைக் கேட்டால், ஒன்றோ இரண்டோ கொடுப்பேன்.

அக்கா தினையிலும் இருபது மணி எடுத்து ஈரத் துணியில் சுற்றினேன். பதினெட்டு முளைத்தது.

கேழ்வரகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு அது வீட்டுத் தானியம். தர்மபுரியில் ரேஷன் கடையிலேயே 2023இல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, தானியங்களில் இதற்கு ஈடு வேறு கிடையாது. ஆனால் உலர்ந்த கேழ்வரகை மஞ்சு சீண்டவே மாட்டாள். முளைகட்டினால் தின்கிறாள். இரவு ஒரு ஸ்பூன் ஊறவைத்து, காலையில் நன்றாக அலசி, வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிடுவேன். மறுநாள் காலையில் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். அந்த நிலையிலேயே இன்னொரு தடவை அலசிக் கொடுத்துவிட வேண்டும். முளை கட்டினால் அதிலிருக்கிற சுண்ணாம்பும் உடம்பில் நன்றாகச் சேரும். சித்திரை வெயிலில் துணிக்குள் ஒரு மாதிரி புளித்த வாடை வரும். வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுவேன். கூண்டில் வைத்த ஈர உணவையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடுவதில்லை. பச்சைப் பயறையும் இப்படியே முளைகட்டிக் கொடுக்கலாம். ராஜ்மா மாதிரிப் பெரிய பயறுகளைப் பச்சையாகவோ முளைகட்டியோ கொடுக்கக் கூடாது, அதில் நஞ்சு இருக்கிறது.

சுண்ணாம்புக்கு இன்னொரு வழியையும் அக்காதான் காட்டினார். பறவைக் கடையில் வெள்ளையாக, படகு மாதிரி ஒரு ஓடு கொக்கியோடு 90 ரூபாய்க்குத் தொங்கும், பார்த்திருப்பீர்கள். கணவாய் மீனின் ஓடு. டாக்டர் அதையும் வாங்கி மாட்டச் சொல்லியிருந்தார். நான் அதைப் பற்றிச் சொன்னதும் அக்கா, "அது கடல் நுரைதானே, நாட்டு மருந்துக் கடையில கேளு" என்றார். கேட்டேன். அதே ஓடு, இருபது ரூபாய். முழு ஓடாகக் கேட்டு வாங்க வேண்டும், பொடி வேண்டாம். வாங்கி வந்து கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மிருதுவான பக்கம் உள்ளே பார்க்கிற மாதிரி கூண்டில் கட்டினேன். மஞ்சு அதைச் சுரண்டுகிற சத்தம் கரும்பலகையில் சாக்பீஸ் தேய்க்கிற மாதிரி இருக்கும். தின்ற சுண்ணாம்பு உடம்பில் சேர வெயிலும் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வருகிற வெயில் அதற்கு உதவாது என்று டாக்டர் சொன்னதால், காலையில் கூண்டை வாசல் திண்ணையில் கால் மணி நேரம் வைத்து, பூனை வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்து பித்தான் தைப்பேன்.

ஒரு தானியக் கடையை இவ்வளவு புகழ்ந்ததால், தானியம் மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். எவ்வளவு நல்ல தினையானாலும் அதில் வைட்டமின் ஏ வராது. காய்க்கு உழவர் சந்தை இருக்கிறது, முருங்கைக்கு வீட்டு மரம் இருக்கிறது. கேரட், பரங்கிக்காய், அவித்த சர்க்கரைவள்ளி, முருங்கைக் கீரை, கோவைக்காய். நாள் ஒன்றுக்கு இதில் மூன்று, கடுகளவாக நறுக்கி, காலையில் பசியோடு இருக்கும்போது முதலில் அதைத்தான் வைப்பேன். கோவைக்காய் பழுத்துச் சிவந்திருந்தால் மஞ்சு முகமெல்லாம் பூசிக்கொள்வாள். பழுத்த மிளகாயும் தின்பாள். பறவைக்குக் காரம் உறைக்காது, அந்த உணர்வு அதன் வாய்க்குக் கிடையாது. மாம்பழச் சீசனில் தோல் சீவிய ஒரு துண்டு. பாலக் கீரையை மட்டும் எப்போதாவதுதான் கொடுப்பேன், அது சுண்ணாம்பைச் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

பெல்லட்டை ஆன்லைனில்தான் வாங்குகிறேன், சாயம் போடாததாகப் பார்த்து. விலை அதிகம். ஆனால் சத்தை அளந்து சேர்த்திருப்பதால் டாக்டர் அதை விடச் சம்மதிக்கவில்லை. மஞ்சு அதைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ள மூன்று மாதம் ஆனது. முதலில் பெல்லட்டைப் பொடித்து முளைகட்டிய கேழ்வரகின் மேல் தூவினேன். அப்புறம் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குருணையாக்கினேன். தினமும் காலையில் சமையல் தராசில் அவளை நிறுத்தி எடையை நோட்டில் எழுதினேன். விதைக்குப் பழகிய கிளியிடம் ஒரே நாளில் பழைய உணவை எடுத்துவிட்டுப் பெல்லட்டை வைத்தால், பட்டினி கிடந்து செத்தே போகும். அதற்குப் பெல்லட் சாப்பாடாகவே தெரியாது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்து போனால் உடனே பழையபடி கொடுங்கள் என்பது டாக்டர் சொன்ன கணக்கு.

கிண்ணம் நிறைந்திருக்கிறது என்று ஏமாறுவதும் உண்டு. கிளி தானியத்தை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே போடும். மேலாகப் பார்த்தால் முழுக் கிண்ணம் மாதிரியே இருக்கும். எதிர்வீட்டில் ஊருக்குப் போனபோது பார்த்துக்கொள்ள வந்த பையன் இரண்டு நாள் அப்படி நினைத்துவிட்டான், நல்லவேளையாக நான் எட்டிப் பார்த்தேன். தினமும் காலையில் கிண்ணத்தை ஊதிப் பாருங்கள்.

கொடுக்கக் கூடாதவற்றில் முதலாவது பட்டர் ஃப்ரூட், அதாவது அவகாடோ. நம் ஜூஸ் கடைகளில் அது சாதாரணமாகிவிட்டது. பறவையின் இதயத்தைத் தாக்குகிற நஞ்சு அதில் இருக்கிறது. டம்ளர் ஓரத்தில் ஒட்டியதைக்கூட நக்க விடக் கூடாது. சாக்லேட், காபி, டீ, பச்சை வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை, உப்பு போட்ட மிக்சர், முறுக்கு எல்லாம் வேண்டாம். பூசணம் பிடித்த வேர்க்கடலை கல்லீரலைக் கெடுக்கும். பூசணம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும் என்பதால் நான் கடலையே கொடுப்பதில்லை. தின்பதோடு சேராதது ஒன்று: நான்ஸ்டிக் தோசைக்கல் அதிகமாகக் காய்ந்தால் வருகிற புகை கிளியை நிமிடக் கணக்கில் கொன்றுவிடும். நான் இரும்புக் கல்லுக்கே திரும்பிவிட்டேன்.

சரி, கடையில் எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். எந்தச் சாக்கிலும் அறுவடைத் தேதி இருக்காது. புதுசா பழசா என்று அக்காவின் வாய்வார்த்தைதான். கேட்டால் உண்மையைச் சொல்கிறார். கேட்காவிட்டால் சாக்கில் இருப்பதை அளந்து போட்டுவிடுவார். ஆடி வாக்கில் எல்லாமே பழைய இருப்புதான், அப்போது குறைவாக வாங்குவேன். கேழ்வரகில் பொடிக்கல் இருக்கும். அரித்துப் பார்க்காமல் ஊறவைக்கக் கூடாது. போன ஐப்பசியில் கம்பில் நூலாம்படை மாதிரி பூச்சிக்கூடு இருந்தது. திருப்பிக் கொண்டுபோனபோது அக்கா பையைப் பிரித்து முகர்ந்துவிட்டு, எனக்கு மாற்றிக் கொடுத்ததோடு அந்தச் சாக்கையே உள்ளே இழுத்துப் போடச் சொன்னார். அதிலிருந்து எது வாங்கினாலும் பையோடு மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து எடுக்கிறேன், பூச்சி முட்டை இருந்தால் செத்துவிடும். பக்கத்திலேயே காய்ந்த மிளகாய்ச் சாக்கு இருப்பதால் நமக்குத்தான் தும்மல் வரும். சந்தை நாளில் வண்டி நிறுத்த இடமே கிடைக்காது. காலை ஒன்பது மணிக்கு மேல், கூட்டம் கலைந்த பிறகு போனால் அக்கா கொழித்து, புடைத்துக் கொடுப்பார். அதற்குத் தனிக் காசு கிடையாது. ஐந்துக்கு எத்தனை என்றால் நாலரை போடுவேன். அரை குறைத்தது அந்தத் தேதிக்காக.

மஞ்சு இப்போது 94 கிராம். போன மாசியில் மறுபடியும் முட்டை போட்டாள், நான்கு. நான்கும் கெட்டி ஓடு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், விசிலை நிறுத்தாமலே போட்டாள். அடிக்கடி போடக் கூடாது என்பதற்காக மாலையில் சீக்கிரமே கூண்டுக்குத் துணி போட்டு இருட்டாக்கிவிடுகிறேன், பகல் நீளமானால் முட்டை போடத் தோன்றுமாம். ஒரு முட்டையை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். புறா முட்டையைவிடச் சின்னது. அவர் அதை முறத்திலிருந்த தினையின் மேல் மெதுவாக வைத்து, கடைக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

தினைக் கதிரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. பறவைக் கடையில் 'மில்லட் ஸ்ப்ரே' என்று மூன்று காய்ந்த கதிரை 150 ரூபாய்க்கு விற்றார்கள். கையில் வாங்கிப் பார்த்தால் தினைக் கதிர். அக்காவிடம் சொன்னேன். பென்னாகரம் பக்கத்திலிருந்து தினை கொண்டுவருகிறவரிடம் சொல்லி, அடிக்காத கதிர் ஒரு கட்டு வரவழைத்தார். ஒன்றைக் கூண்டில் மாட்டினேன். நரி வால் மாதிரி வளைந்து தொங்கியது. மஞ்சு முதலில் பயந்து மேல் கம்பிக்கு ஓடினாள். பத்து நிமிடம் கழித்து ஒரு காலால் கம்பியைப் பிடித்து, இன்னொரு காலால் கதிரை இழுத்து அணைத்துக்கொண்டு, நுனியிலிருந்து தொடங்கினாள். அன்று நான் ஒரு ஜாக்கெட்டும் தைக்கவில்லை. அதைச் சொன்னபோது அக்கா, "வள்ளி புனத்துல நின்னு விரட்டின கிளி கண்ணு, நாம கூப்பிட்டு வெச்சுப் போடறோம். திங்கட்டும்" என்றார்.

ஆடியில் விதைக்கிற தினை புரட்டாசிக் கடைசியில், ஐப்பசியில் அறுவடைக்கு வரும். கதிர் வேண்டுமென்றால் புரட்டாசி பிறந்ததுமே அக்காவிடம் சொல்லி வையுங்கள். கட்டுக்குப் பத்துக் கதிர், 40 ரூபாய், ஆளுக்கு ஒரு கட்டுதான். போகும்போது துணிப்பையோடு ஒரு அட்டைப்பெட்டியும் எடுத்துப் போங்கள், பையில் போட்டால் வீடு வருவதற்குள் பாதி மணி உதிர்ந்துவிடும்.